அங்கியும் முகமும்: நீதிபதி ஆல்ட்டன் பார்க்கரை முன்வைத்துச் சில குறிப்புகள்

'நீதிபதி அரசியலில் நுழைந்தார்' என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வாக்கியத்துக்குள் ஒரு கதவு ஒளிந்திருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நீதி. இந்தப் பக்கம் அரசியல். அந்தப் பக்கம் அமைதி, சுத்தம், படிப்பு. இந்தப் பக்கம் கூச்சல், காசு, கூட்டம். எதிர்வு எவ்வளவு வசதியாக அமைந்துவிடுகிறது பாருங்கள். இந்தக் கதவை யார் செய்தார்கள், எப்போது பூட்டினார்கள், சாவி யார் மடியில் கிடந்தது என்றெல்லாம் கேட்பதற்கு 1904ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் தோதான இடம். அந்தத் தேர்தலில் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றுப்போன ஆல்ட்டன் புரூக்ஸ் பார்க்கரை இன்று அவருடைய ஊர்க்காரர்களே மறந்திருப்பார்கள். தோற்றவர்கள் மீது எனக்குத் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. ஆனால் ஜெயித்தவனின் கதையில் தையல் தெரியாது. தோற்றவனின் கதையில் தையல் பிரிந்து நூல் தொங்கும். வாசிப்பவனுக்கு அது உபயோகம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சட்டம் படித்தவன் அல்ல, தமிழ் எம்.ஏ. தீர்ப்பை ஒரு பிரதியாகத்தான் எனக்கு வாசிக்கத் தெரியும். யார் பேசுகிறார்கள், யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள், யாரைப் பேசவிடவில்லை என்கிற கேள்விகளோடுதான் பார்க்கரின் தீர்ப்புகளுக்குள்ளும் போகிறேன்.

முதலில் நியூயார்க் மாநிலத்து நீதிமன்றப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அங்கே 'உச்ச நீதிமன்றம்' என்று அழைக்கப்படுவது கீழே உள்ள விசாரணை நீதிமன்றம். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதன் பெயர் மேல்முறையீட்டு நீதிமன்றம். இந்த மேல்மன்றத்து நீதிபதிகளை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் பிற்பகுதிவரை மக்கள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சி நிறுத்தும், கட்சி செலவழிக்கும், கட்சி ஜெயிக்கவைக்கும். ஆக, பார்க்கர் 'அரசியலுக்கு வந்தார்' என்பதே ஒரு புனைவு. அவர் அங்கிருந்துதான் போனார்.

1852இல் கார்ட்லண்ட் என்கிற ஊரில் விவசாயி வீட்டில் பிறந்து, கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்து, ஆல்பனியில் சட்டம் படித்து, கிங்ஸ்டனில் வக்கீல் தொழில் நடத்தி, 1877இல் அல்ஸ்டர் மாவட்டத்தில் உயில், சொத்து விவகாரங்களைப் பார்க்கும் நீதிபதியாகத் தேர்வானவர். இதுவரை எல்லாம் வழக்கமான ஏணி. 1885இல் டேவிட் ஹில் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் ஆளுநர் தேர்தலில் நின்றார். தேர்தல் வேலையை நடத்திக் கொடுத்தவர் பார்க்கர். ஹில் ஜெயித்தார். அதே ஆண்டில் வெஸ்ட்புரூக் என்கிற நீதிபதி இறந்துபோக, காலியான நாற்காலியை ஹில் பார்க்கருக்குக் கொடுத்தார். கூலி கைமேல் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1882இல் சட்டமன்றத்தில் எழுந்து நின்று, ரயில்வே முதலாளி ஜே கூல்டோடு கைகோத்துக்கொண்டவர் என்று இதே வெஸ்ட்புரூக்கை விசாரிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் ஓர் இளம் உறுப்பினர் முதன்முதலாகப் பெயர் வாங்கினார். அந்த இளைஞரின் பெயர் தியோடர் ரூஸ்வெல்ட். ஒரே நாற்காலியின் மேல் ஒருவர் கல்லெறிந்தார், இன்னொருவர் உட்கார்ந்தார். 19 ஆண்டு கழித்து இருவரும் எதிரெதிரே.

1886இல் போட்டியின்றி 14 ஆண்டுப் பதவிக் காலத்துக்குத் தேர்வானார். 1897 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பதவிக்குத் தேர்தல். அதற்கு முந்தைய ஆண்டுதான் குடியரசுக் கட்சி நியூயார்க்கை வாரிச் சுருட்டியிருந்தது. அப்படிப்பட்ட மாநிலத்தில் பார்க்கர் வென்றார். கட்சிக்காரர்களின் கண்ணில் அவர் பட்டது அப்போதுதான்.

ஜனநாயகக் கட்சியின் அன்றைய நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1896, 1900 இரண்டு தேர்தலிலும் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் நின்று தோற்றிருந்தார். கடனில் மூழ்கிய மேற்கத்திய, தெற்கத்திய விவசாயிகள் வெள்ளி நாணயத்தைத் தாராளமாக அச்சடிக்கச் சொன்னார்கள். பணம் பெருகினால் கடன் இளைக்கும். பிரையன் அவர்களுடைய குரல். கிழக்கத்திய வங்கிக்காரர்களுக்குத் தங்கத் திட்டம்தான் வேதம். இந்த மோதலில் கட்சி இரண்டாகக் கிடந்தது. 1904இல் கிழக்கத்தியத் தலைகள், அதாவது ஹில், வில்லியம் ஷீஹன், நிதி முதலாளி ஆகஸ்ட் பெல்மாண்ட் ஆகியோர், தங்கமா வெள்ளியா என்கிற சண்டையில் வாயே திறக்காத ஒருவரைத் தேடினார்கள். நீதிபதியைவிட்டால் வேறு யார் அகப்படுவார்? நீதிமன்றத்தில் இருப்பதால் அரசியல் பேசக்கூடாது என்கிற மரபு இருக்கிறது. பேசாததால் எதிரி இல்லை. அதே சமயம் பிரையன் நின்ற இரண்டு முறையும் கட்சியைவிட்டு ஓடாமல் அவருக்கே வாக்களித்தவர். தெற்கும் மேற்கும் முகம் சுளிக்க முடியாது.

இங்கே மௌனம் என்பது என்ன? நமது அறச் சொல்லாடலில் மௌனத்துக்கு ஒரு புனிதம் உண்டு; ரிஷி மௌனம், ஞானி மௌனம் என்று. பார்க்கருடைய மௌனம் ஒரு சொத்து. சேமித்து வைக்கப்பட்டு, தக்க நேரத்தில் சந்தைக்குக் கொண்டுவரப்பட்ட சரக்கு. மாநாட்டுக்கு முந்தைய மாதங்களில் அவருடைய கருத்து என்ன என்று பத்திரிகைகள் கேட்டபோதெல்லாம் நீதிபதி பதவியைக் காட்டி வாய்மூடிக்கொண்டார். அங்கி அவருக்கு முகமூடியாகவும் மூலதனமாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்தது.

ஆனால் நீதிபதி உண்மையிலேயே பேசாதவரா? தீர்ப்பு என்பது பேச்சு இல்லாமல் வேறென்ன? 1902இல் பார்க்கர் எழுதிய ஒரு தீர்ப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அபிகெயில் ராபர்சன் என்ற வயதுவராத பெண். ஃபிராங்க்ளின் மில்ஸ் என்கிற மாவு மில் கம்பெனி, அவளுடைய புகைப்படத்தை அவளைக் கேட்காமலேயே விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. ரோச்செஸ்டர் நகரத்து அட்டைப்பெட்டிக் கம்பெனி அச்சடித்துக் கொடுத்தது. லித்தோ பிரதிகள் 25,000. கடைகள், கிடங்குகள், மதுக்கடைகள் என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டினார்கள். அதில் ஒரு சிலேடை வேறு: ஆங்கிலத்தில் மாவுக்கும் மலருக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், 'குடும்பத்தின் மாவு' என்று எழுதினால் 'குடும்பத்தின் மலர்' என்று காதில் விழும். பொட்டலத்தில் இருப்பது மாவு. படத்தில் இருப்பது பெண். தின்னப்படுவது எது என்பதை வாங்குகிறவன் முடிவுசெய்துகொள்ளலாம். தெரிந்தவர்கள் அடையாளம் கண்டு கேலி பேச, அந்தப் பெண் அவமானத்தில் படுத்த படுக்கையாகி, மருத்துவர் வந்து பார்க்க வேண்டியதாயிற்று. 15,000 டாலர் நஷ்டஈடும், படத்தைப் பயன்படுத்தத் தடையும் கேட்டு வழக்கு.

இதற்கு 12 ஆண்டுகள் முன்பு, 1890இல், வாரன், பிராண்டைஸ் என்கிற இரண்டு பாஸ்டன் வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் அந்தரங்க உரிமை என்கிற கருத்தாக்கத்தை முன்வைத்துக் கட்டுரை எழுதியிருந்தார்கள். ராபர்சன் வழக்கில் கீழ்மன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன. மேல்முறையீட்டு நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பார்க்கர். அவருடைய வாதம் சுருக்கமாக இது: இப்படி ஒரு உரிமை பழைய சட்ட நூல்களில் எங்கும் இல்லை, இன்று இதை ஒத்துக்கொண்டால் நாளை வழக்குகள் வெள்ளமாக வரும், வேண்டுமானால் சட்டமன்றம் சட்டம் போட்டுக்கொள்ளட்டும். தர்க்கம் என்னவோ சரியாகத்தான் போகிறது. ஆனால் பிரதி தன்னையறியாமல் உளறுகிற இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அந்தரங்க உரிமையை விவரிக்கும்போது ஒரு 'ஆண்' தன் படம் அச்சாகாமல், தன் வியாபாரம் பேசப்படாமல், இந்த உலகத்தைக் கடந்துபோக உரிமை கேட்பதாக அவர் எழுதுகிறார். வழக்குப் போட்டது பெண். அவளுக்கு ஏது வியாபாரம்? இரண்டு, படம் நன்றாகத்தான் இருக்கிறது, இன்னொருத்தியாக இருந்தால் தன் அழகுக்குக் கிடைத்த பாராட்டு என்று சந்தோஷப்பட்டிருப்பாள் என்கிற பொருளில் ஒரு வரி. சட்டம் பேசிக்கொண்டிருந்த குரல் சட்டென்று பெட்டிக்கடை வாசலில் நிற்கிறவன் குரலாக மாறிவிடுகிறது. 'அழகா இருக்கேன்னுதானே சொன்னேன், அதுக்கு ஏன் கோவப்படறே?' நம் தெருவில் கேட்காத வாசகமா இது?

தீர்ப்புக்குக் கடுமையான எதிர்ப்பு கிளம்பியது. பெரும்பான்மையில் இருந்த நீதிபதி ஒருவரே சட்ட இதழில் எழுதித் தீர்ப்பை நியாயப்படுத்த வேண்டிவந்தது. மறு ஆண்டே, 1903இல், நியூயார்க் சட்டமன்றம் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் ஒருவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்துவது குற்றம் என்று சட்டம் போட்டது. ராபர்சன் தோற்ற வழக்கிலிருந்து பிறந்த சட்டம் அது.

கதை இதோடு முடியவில்லை. 1904 ஜூலையில் வேட்பாளர் பார்க்கரின் எஸோபஸ் வீட்டைப் பத்திரிகைக்காரர்கள் முற்றுகையிட்டார்கள். ஹட்ஸன் ஆற்றங்கரையில் ரோஸ்மவுண்ட் என்று பெயர் வைத்த பண்ணை வீடு. காலையில் ஆற்றில் நீந்துவது அவர் பழக்கம். போகிற இடமெல்லாம் கேமரா. எரிச்சல்பட்டுப்போன பார்க்கர், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சௌகரியமாக நிற்பதற்குக்கூட எனக்கு உரிமை இல்லையா, எவனாவது படம் பிடித்துவிடுவானோ என்று சதா பயந்துகொண்டே இருக்க வேண்டுமா என்கிற மாதிரி நிருபர்களிடம் சொன்னார். செய்தி வெளியானது. சில நாட்களில், ஜூலை 27 நியூயார்க் டைம்ஸில் ஒரு பகிரங்கக் கடிதம். எழுதியவர் அபிகெயில் ராபர்சன். தாங்கள் சொல்கிற உரிமை தங்களுக்குக் கிடையாது, மிக உயர்ந்த இடத்தின் ஆதாரத்தோடுதான் சொல்கிறேன், இந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது, தீர்ப்பை எழுதியவரே தாங்கள்தான் என்று பணிவு குறையாமல் நினைவூட்டினார்.

இந்தக் கடிதத்தை நான் ஒரு பெரிய நிகழ்வாக வாசிக்கிறேன். தீர்ப்பில் அவள் பேசப்பட்டவள், கடிதத்தில் பேசுகிறவள். நீதிமன்றத்தில் வயதுவராதவள் என்பதால் இன்னொருவர் வழியாகத்தான் வழக்கே போட முடிந்தது. இப்போது தன் பெயரில், தன் குரலில், நீதிபதியின் மொழியையே எடுத்து நீதிபதி மீது வீசுகிறாள். எதிர்க்குரல் எழுப்ப எப்போதும் புதுமொழி வேண்டும் என்பதில்லை. ஆள்கிறவனின் வாக்கியத்தை அவனிடமே திருப்பி வாசித்தால் போதும்.

இந்த வழக்கின் நிழல் நம்மூர்வரை நீண்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது சம்பந்தமான வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமை பற்றி விரிவாகப் பேசியது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை அந்த உரிமையின் மீறலுக்கு உதாரணமாகக் காட்டியது. மாவு மில் சுவரொட்டி இல்லாமல் அந்த உதாரணம் ஏது? இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 1962இல் கரக் சிங் வழக்கில் அந்தரங்கம் அரசியல் சட்ட உரிமை அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னபோது, அது தனிமனித சுதந்திரத்தின் பகுதியே என்று மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் சுப்பா ராவ். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் வந்து சேர்ந்தது. அந்த சுப்பா ராவும் 1967இல் தலைமை நீதிபதி பதவியை விட்டுவிட்டு எதிர்க்கட்சிகளின் ஜனாதிபதி வேட்பாளராக நின்று ஜாகிர் உசேனிடம் தோற்றவர்தான். 2024 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாய் ராஜினாமா செய்த இரண்டாம் நாளே பாரதீய ஜனதாவில் சேர்ந்து, தம்லுக்கில் நின்று எம்.பி. ஆனபோது நம் பத்திரிகைகள் ஏதோ முதல்முறையாக வானம் இடிந்த மாதிரி எழுதின. கதவு பழையது.

பார்க்கரை வில்லனாக்குவது என் நோக்கமல்ல. ஆக்கவும் முடியாது. அதே 1902இல், நீராவிக் குழாய்த் தொழிலாளர் வழக்கில், தங்கள் சங்கத்தில் இல்லாதவர்களோடு வேலை செய்யமாட்டோம் என்று சொல்லி வேலைநிறுத்தம் செய்யத் தொழிற்சங்கத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு எழுதியவர் அவர்தான். அதற்கும் 4க்கு 3. இதைவிட முக்கியமானது லாக்னர் வழக்கு. பேக்கரித் தொழிலாளர்களை நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று நியூயார்க்கில் 1895இல் ஒரு சட்டம். நிலவறையில் எரிகிற அடுப்பு, மூக்கிலும் நெஞ்சிலும் மாவுத் தூசி. யூட்டிக்கா நகரத்து பேக்கரி முதலாளி ஜோசப் லாக்னர் இந்தச் சட்டத்தை மீறியதாக 50 டாலர் அபராதம் கட்டச் சொன்னபோது, மேல்முறையீடு மேல் மேல்முறையீடாகப் போனார். 1904 ஜனவரியில் பார்க்கரின் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தொழிலாளியின் உடல்நலத்தைக் காக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று எழுதினார் பார்க்கர்.

மாவு இரண்டு வழக்கிலும் வருகிறது என்பதை யாரும் கவனித்திருக்கிறார்களா தெரியாது. ஒரு வழக்கில் மாவை விற்பதற்காகப் பெண்ணின் முகம். இன்னொன்றில் மாவைப் பிசைகிற ஆண் தொழிலாளியின் நுரையீரல். நுரையீரலுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, முகத்துக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டிலும் ஒரு சீரான நிலைப்பாடும் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது: சட்டமன்றம் செய்ததை நீதிமன்றம் தட்டக்கூடாது, சட்டமன்றம் செய்யாததை நீதிமன்றம் செய்யக்கூடாது. அடக்கமான நீதிபதி. அடக்கத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேரும் என்பது அந்தந்த நேரத்துச் சட்டமன்றத்தைப் பொறுத்தது.

இதே அடக்கத்தின் இன்னொரு முகமும் உண்டு. குவீன்ஸ் பகுதியில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வைத்திருந்ததை எதிர்த்து எலிசபெத் சிஸ்கோ என்ற தாய் போட்ட வழக்கில், 1900இல், பார்க்கர் தலைமை நீதிபதியாக இருந்த அந்த நீதிமன்றம் தனிப் பள்ளி சட்டப்படி சரிதான் என்றது. சில வாரங்களில் சட்டமன்றம் தனிப் பள்ளிகளை ஒழித்துச் சட்டம் போட்டது. கையெழுத்திட்ட ஆளுநர் ரூஸ்வெல்ட்.

இனி செயின்ட் லூயிஸ். 1904 ஜூலையில் ஜனநாயகக் கட்சி மாநாடு அங்கேதான் நடந்தது. அதே கோடையில் அதே ஊரில் உலகப் பொருட்காட்சி. புதிதாகக் கைப்பற்றிய பிலிப்பைன்ஸிலிருந்து இகோரோட் உள்ளிட்ட பழங்குடி மக்களைக் கொண்டுவந்து குடிசை போட்டுக் குடியமர்த்திக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அவர்களைக் கேமராவில் பிடிக்காதவர் பாக்கியில்லை. அங்கே அந்தரங்க உரிமைப் பேச்சு யார் வாயிலும் எழவில்லை. மாநாட்டு அரங்கில் ஏகாதிபத்திய எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறிக்கொண்டிருந்தது.

மாநாட்டில் பிரதிநிதிகள் 1,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 667 தேவை. முதல் சுற்றில் பார்க்கருக்கு 658. பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட்டுக்கு 200. ஒன்பதுதானே குறைவு, அங்கேயே சிலர் மாற்றிப்போட 679 ஆகி வேட்பாளர் ஆனார். முந்தைய இரவுகளில் தூங்காமல் சண்டை போட்ட தீர்மானக் குழு, தங்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் கட்சித் திட்டத்தை எழுதி முடித்திருந்தது. பிரையன் விடவில்லை. மௌனமான வேட்பாளருக்கு மௌனமான திட்டம், பொருத்தம் பிரமாதம்.

அப்போதுதான் தந்தி வந்தது. ஜூலை 9. ஷீஹனுக்குப் பார்க்கர் அடித்த தந்தி. தங்கத் திட்டம் அசைக்கமுடியாதபடி நிலைபெற்றுவிட்டது என்பதே தன் கருத்து. வென்றால் அப்படியே நடப்பேன். கட்சித் திட்டம் இதைப் பற்றிப் பேசாததால் என் கருத்தை மாநாட்டுக்குச் சொல்லிவிடுங்கள். பெரும்பான்மைக்குச் சம்மதமில்லையென்றால் என்னை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். இதுதான் சாரம். அரங்கம் கலகலத்துப் போனது. காய்ச்சலோடு கிடந்த பிரையன் எழுந்து வந்து பேசினார். கடைசியில், நாணயப் பிரச்சினை இந்தத் தேர்தலில் ஒரு பிரச்சினையே இல்லை, அதனால்தான் திட்டத்தில் சொல்லவில்லை என்று பதில் அனுப்ப 794க்கு 191 என்ற கணக்கில் முடிவாயிற்று.

தந்தியைப் பாராட்டிக் கிழக்கத்தியப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின: என்ன துணிச்சல், என்ன நேர்மை! எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வேட்பாளர் தேர்வு முடிகிறவரைக்கும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, 679 வாக்கு பெட்டிக்குள் விழுந்த பிறகு பேசுவது எந்த வகைத் துணிச்சல்? அந்தப் பேச்சும் விவசாயியின் பக்கம் அல்ல, பெல்மாண்ட்டின் பக்கம். இரண்டு தேர்தலில் கிராமத்து மனிதர்கள் கட்சிக்குள் கொண்டுவந்து வைத்த கோரிக்கையை ஒரு தந்தியில், தந்திக்கட்டணச் செலவில், வெளியே தூக்கிப் போட்டாயிற்று.

துணை ஜனாதிபதி வேட்பாளர் ஹென்றி டேவிஸ், மேற்கு வர்ஜீனியாக்காரர், வயது 80. பணக்காரர், காசு கொடுப்பார் என்கிற நம்பிக்கை. இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகஸ்டில் பார்க்கர் நீதிபதி பதவியை ராஜினாமா செய்தார். ஊர் ஊராகப் போகவில்லை. ரோஸ்மவுண்ட் வீட்டு முகப்பில் நின்று, வந்தவர்களிடம் பேசினார். ரூஸ்வெல்ட் அரசியல் சட்டத்தை மீறுகிறார், தனிமனித ஆட்சி நடத்துகிறார் என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. நீதிபதியின் மொழி அது. எதிரே இருந்தவரோ நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தில் தலையிட்டவர், ரயில்வே ஏகபோகத்தின் மேல் வழக்குப் போட்டவர். பெரிய முதலாளிகளைத் தொடுவதாகவாவது பாவனை காட்டுகிற ஒருவரின் முன்னால், 'சட்டப்படி நடங்கள்' என்பது எடுபடுமா? இங்கே ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. பத்து மணி நேரச் சட்டத்தை அதே ஜனவரியில் காப்பாற்றியவர், அதைத் தன் பிரச்சாரத்தின் மையமாக ஏன் வைக்கவில்லை? வழக்கு மத்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, நீதிபதி தன் தீர்ப்பைத் தானே மேடையில் பேசக்கூடாது என்பது ஒரு பதில். அவரைப் பிடித்து நிறுத்தியிருந்த கைகள் அதை விரும்பியிருக்காது என்பது என் பதில்.

தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு நிஜமான விஷயத்தைத் தொட்டார். ரூஸ்வெல்ட்டின் மந்திரியாக இருந்து, கம்பெனிகளின் கணக்குகளை ஆராயும் அலுவலகத்தைத் தன் இலாகாவில் வைத்திருந்த கோர்ட்டல்யூ, அங்கிருந்து நேராகக் குடியரசுக் கட்சியின் தலைவராகி அதே கம்பெனிகளிடம் தேர்தல் நிதி வசூலிக்கிறார் என்றார். நவம்பர் 4ஆம் தேதி ரூஸ்வெல்ட் கொதித்தெழுந்து, அப்பட்டமான பொய் என்றார். பார்க்கரின் கையில் நிரூபணம் இல்லை. சாட்சியம் இல்லாத குற்றச்சாட்டை நீதிபதி கொண்டுவரலாமா என்கிற ஏளனம்தான் மிச்சம். மறு ஆண்டு நியூயார்க்கில் ஆம்ஸ்ட்ராங் குழு இன்சூரன்ஸ் கம்பெனிகளை விசாரித்தபோது, நியூயார்க் லைஃப் என்கிற ஒரு கம்பெனி மட்டுமே குடியரசுக் கட்சித் தேர்தல் நிதிக்கு 48,000 டாலருக்கு மேல் கொடுத்தது அம்பலமானது. பாலிசிதாரர்களின் பணம். கம்பெனிகள் மத்தியத் தேர்தல்களுக்கு நிதி கொடுப்பதைத் தடைசெய்து 1907இல் சட்டம் வந்தது. பார்க்கர் சொன்னது உண்மைதான். அவருடைய பக்கத்தில் பெல்மாண்ட்டும் தாமஸ் ரயனும் பணம் போட்டதும் உண்மைதான்.

முடிவு: ரூஸ்வெல்ட்டுக்குச் சுமார் 76 லட்சம் வாக்கு, பார்க்கருக்கு 50 லட்சம் சொச்சம். தேர்வாளர் வாக்குகள் 336க்கு 140. சொந்த மாநிலமே கைவிட்டது. ஜெயித்த 13 மாநிலங்களின் பட்டியலைப் பாருங்கள்: எல்லாமே 1860இல் அடிமை முறை சட்டப்படி நடந்த மாநிலங்கள். மிஸிஸிப்பி 1890இல், தென் கரோலினா 1895இல், லூசியானா 1898இல், வட கரோலினா 1900இல், அலபாமா 1901இல், வர்ஜீனியா 1902இல், எழுத்தறிவுச் சோதனை, தலைவரி என்று ஆளாளுக்கு ஒரு சூழ்ச்சியை அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுதிக் கறுப்பினத்தவரை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டியிருந்தன. தென் கரோலினாவில் பார்க்கருக்குக் கிடைத்தது 95 விழுக்காடு. அரசியல் சட்டத்தின் புனிதத்தைப் பேசிய நீதிபதிக்கு வாக்களித்த மண் இது. இதைப் பற்றி அவருடைய மௌனத்தைக் கலைக்க எந்தத் தந்தியும் போகவில்லை. தோல்விக்குக் காரணம் அவருடைய சப்பென்ற பேச்சு என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் இந்த 140 எங்கிருந்து வந்தது என்பதில் நிற்பதில்லை. எனக்கு அதுதான் விஷயமாகத் தெரிகிறது.

1905 ஏப்ரலில் மத்திய உச்ச நீதிமன்றம் லாக்னர் வழக்கில் 5க்கு 4 என்று பத்து மணி நேரச் சட்டத்தை ரத்து செய்தது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் உள்ள ஒப்பந்த சுதந்திரத்தில் அரசு தலையிடக்கூடாதாம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பெக்கம், முன்பு பார்க்கர் உட்கார்ந்த அதே நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். ஒரே பள்ளிக்கூடத்துப் பையன்கள். அந்தத் தீர்ப்பு 30 ஆண்டுக்கு மேல் தொழிலாளர் சட்டங்களின் கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

பார்க்கர் மறுபடி வக்கீல் ஆனார். 1906இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் தலைவர். அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் மீது, ஓர் அடுப்புக் கம்பெனியைப் புறக்கணிக்கச் சொன்னதற்காக நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தபோது, காம்பர்ஸுக்காக வாதாடினார். 1911இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. தேர்தல் மேடையில் பேசாததைக் கட்டணம் வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் பேசினார் என்று கேலி செய்யலாம். செய்யத் தோன்றவில்லை. அவருடைய குரல் தெளிவாக இருந்ததெல்லாம் அந்த இடத்தில்தான்.

1913இல் நியூயார்க் ஆளுநர் வில்லியம் சல்சர் மேல் பதவிநீக்க விசாரணை. தன்னை ஜெயிக்கவைத்த டாமனி ஹால் கட்சி இயந்திரத்தோடு சல்சர் முறைத்துக்கொண்டதுதான் மூல காரணம். குற்றப்பத்திரிகையில் எழுதியதோ தேர்தல் நிதிக் கணக்கை ஒழுங்காகக் காட்டவில்லை என்பது. சட்டமன்றத்தின் தரப்பில் வழக்கை நடத்திய முதன்மை வழக்கறிஞர் பார்க்கர். ஒன்பது ஆண்டு முன்பு இதே விஷயத்தை நிரூபிக்க முடியாமல் அவமானப்பட்டவர், இந்த முறை வங்கிக் கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு நிரூபித்தார். சல்சர் பதவி இழந்தார். அந்த மாநிலத்துச் சட்டப்படி பதவிநீக்க மன்றம் என்பது மேலவை உறுப்பினர்களும் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகளும் சேர்ந்தது. தலைமை தாங்கியவர் எட்கர் கல்லன். 1904இல் பார்க்கர் விட்டுப்போன நாற்காலிக்கு வந்தவர். கட்சிக்காரர்களும் நீதிபதிகளுமாக ஒரே மன்றமாய் உட்கார்ந்திருந்த அவர்களுக்கு முன்னால் நின்று பார்க்கர் தன் தரப்பு வாதத்தைப் பேசி முடித்தார்.